பரப்புரை எதனால் வென்றது? நெய்யாற்றங்கரை எல்லையிலிருந்து ஒரு பார்வை

பாறசாலை, நெய்யாற்றங்கரை வட்டாரத்து எல்லை ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்குகின்றன. ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் இவ்விரு மொழிகளிலும் இரு வேறு பொருள்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. தமிழில் ‘எம்டன்’ என்றால் எவர் கைக்கும் எளிதில் அகப்படாத வல்லாளன், சூழ்ச்சிக்காரன். மலையாளத்தில் ‘யமண்டன்’ என்றால் மிகப் பெரியது; இச்சொல்லும் அக்கப்பலின் பெயரிலிருந்தே வந்தது என்பது பரவலான கருத்து. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் குழுமத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயிர்ச்சேதமும் நேர்ந்தது, நகரை விட்டு மக்கள் கூட்டமாக வெளியேறினர். ஆயினும் மொழியில் எஞ்சியது அச்சத்தைவிட வியப்பே. பேரரசைச் சீண்டிவிட்டுத் தப்பிய ஒருவனின் வடிவமாக அப்பெயர் நிலைபெற்றது.

இவ்வியப்பை எந்தப் பரப்புரை அமைச்சகமும் உருவாக்கவில்லை. ஆள்வோர்மேல் மக்கள் கொண்டிருந்த மனத்தாங்கலே அதை உருவாக்கியது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துப் பாசிசப் பரப்புரையைப் புரிந்துகொள்ள இச்சிறு சொல்வரலாறு நல்ல தொடக்கம். அப்பரப்புரை குறித்த பேச்சு பெரும்பாலும் ‘மக்கள் ஏமாற்றப்பட்டார்கள்’ என்ற முடிவோடு நின்றுவிடுகிறது. அம்முடிவு வசதியானது, ஏனெனில் தன்னை ஏமாறக்கூடியவன் என்று எவரும் கருதுவதில்லை. ஆனால் சான்றுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. பாசிசப் பரப்புரை பொய்யைப் புதிதாக விதைத்ததைவிட, ஏற்கெனவே இருந்த உண்மையான குறையைக் கண்டுபிடித்து, அதற்கு உரத்த பெயரிட்டது. அதன்பின் அக்குறையைத் தீர்த்துவைப்பதாகச் சொல்லி, அதுபற்றிக் கேள்வி கேட்கும் உரிமையை விலையாகப் பெற்றுக்கொண்டது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஒரு சிறுநகரத்தின் வரலாற்றில் கிடைக்கிறது. ஜெர்மனியின் நோர்தைம் ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த ஊர். வரலாற்றாசிரியர் வில்லியம் ஷெரிடன் ஆலன், ‘தால்பர்க்’ என்ற மறைபெயரில் அவ்வூரைப் பற்றிய தம் ஆய்வை 1965-இல் வெளியிட்டார். அவர் காட்டும் செய்திகளுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, அவ்வூர் நாஜிக் கட்சிக் கிளை தன் கூட்டங்களுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கி, அப்பணத்திலேயே இயங்கியது. எந்தப் பேச்சாளர் வந்தால், எந்தப் பொருளைப் பேசினால் அரங்கு நிறைகிறது என்பது வரவு செலவுக் கணக்கிலேயே தெரிந்துவிடும். நிறைந்த பொருள் மீண்டும் பேசப்பட்டது. ஆள் வராத பொருள் கைவிடப்பட்டது. ஆகவே தலைமையகம் பேசியதை ஊர் கேட்டது என்பது பாதி உண்மையே. ஊர் கேட்க விரும்பியதைக் கட்சி கற்றுக்கொண்டது என்பது மறுபாதி. இரண்டாவது, யூத வெறுப்பினால் மக்கள் நாஜிக் கட்சியிடம் போனார்கள் என்பதைவிட, வேறு காரணங்களுக்காகக் கட்சியிடம் போன பின் அவ்வெறுப்பைப் பலர் ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஆலனின் முடிவு. ‘எனக்கு இதில் பிடித்தது வேறு’ என்று சொல்லிக்கொண்டே மனிதர்கள் பெருங்கொடுமைக்குத் துணைபோக முடியும் என்பதை இது காட்டுகிறது.

நாடு தழுவிய எண்களும் இதையே சொல்கின்றன. 1928 மே மாதத் தேர்தலில் நாஜிக் கட்சி பெற்ற வாக்கு 2.6 விழுக்காடு. 1930 செப்டம்பரில் அது 18.3 விழுக்காடாயிற்று, 1932 ஜூலையில் 37.3 விழுக்காட்டைத் தொட்டது. கட்சியின் கொள்கை இந்நான்கு ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. மாறியது நாட்டின் நிலை. 1932-இன் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை 60 இலட்சத்தை எட்டியிருந்தது. நோர்தைமில் வேலையிழப்பின் நேரடி அடி பெரும்பாலும் தொழிலாளர்மேல் விழுந்தது. கடைக்காரரும் அலுவலரும் அவ்வளவாக வீழவில்லை. வீழ்ந்துவிடுவோமோ என்று அஞ்சினர். அந்த அச்சமே நாஜிகளுக்கு வாக்காயிற்று. உழவரிடம் கடனைப் பற்றியும், சிறு வணிகரிடம் பேரங்காடிகளைப் பற்றியும், இளைஞரிடம் வேலையைப் பற்றியும், சமயப் பற்றாளரிடம் நம்பிக்கைக்கு நேர்ந்த ஆபத்தைப் பற்றியும் கட்சி பேசியது. இவ்வாக்குறுதிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. முரண்பாட்டை மூட ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அச்சொல் ‘ஃபோல்க்’, அதாவது ‘மக்கள்’.

சொற்களின் இப்பணியை உடனிருந்து பதிவுசெய்தவர் விக்டர் கிளெம்பெரர். டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ரோமானிய மொழிகளின் பேராசிரியராக இருந்த அவர், யூதப் பிறப்பினர் என்பதால் 1935-இல் பதவியிழந்தார். நூலகமும் தட்டச்சுப் பொறியும் பறிக்கப்பட்ட பின்னும் நாட்குறிப்பில் சொற்களைக் குறித்து வைத்தார். அக்குறிப்புகளிலிருந்து பிறந்த நூல் 1947-இல் வெளிவந்தது. மேடை முழக்கங்களைவிட அன்றாடப் பேச்சில் நுழைந்த சொற்களே அவர் கவனத்தை அதிகம் ஈர்த்தன. ‘வெறித்தனமான’ என்ற பொருளுடைய சொல், பழிச்சொல்லாக இருந்தது, புகழ்ச்சொல்லாக மாறியது. எந்தப் பெயருக்கு முன்னும் ‘மக்கள்’ என்ற அடை ஒட்டிக்கொண்டது. அமைப்புகளையெல்லாம் ஒரே தலைமைக்கு அடக்குவதற்கு மின்பொறியியலிலிருந்து ஒரு கலைச்சொல் எடுத்தாளப்பட்டது. அடக்குமுறை தொழில்நுட்பச் சீரமைப்புப் போல ஒலித்தது. நாஜிகளை வெறுத்தவர்களும், ஏன், அவர்களால் துன்புற்றவர்களும்கூட அதே சொற்களைத் தம்மையறியாமல் பேசினார்கள் என்பதே கிளெம்பெரரைக் கலங்கச் செய்த செய்தி.

சொல்லோடு கொடையும் வந்தது. 1933 ஆகஸ்டில் ‘மக்கள் வானொலிப் பெட்டி’ 76 மார்க் விலையில் அறிமுகமாயிற்று. அன்றைய பிற பெட்டிகளைவிட மலிவு. இத்தாலியில் 1925 முதல் ‘தோப்போலவோரோ’ என்னும் வேலைக்குப் பிந்திய பொழுதுபோக்கு மன்றங்கள் பரவின. ஜெர்மனியில் 1933 நவம்பரில் தொடங்கிய ‘மகிழ்ச்சியால் வலிமை’ அமைப்பு தொழிலாளரை மலிவான சுற்றுலாவுக்கும் நாடகத்துக்கும் அழைத்துச் சென்றது. கடல் பார்த்திராத குடும்பங்கள் கடல் பார்த்தன. இம்மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1933 மே 2 அன்று தொழிற்சங்கங்கள் ஒழிக்கப்பட்டு, அவற்றின் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. அச்சொத்தும், புதிய அமைப்புக்குச் செலுத்த வேண்டியிருந்த சந்தாவுமே இக்கொடைகளுக்கு முதலாயின. தொழிலாளர் தாமே சேர்த்த பணம் தலைவரின் பரிசாக அவர்களிடம் திரும்பி வந்தது. முன்பு சங்கக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம். இப்போது நன்றி மட்டுமே சொல்லலாம்.

எல்லை ஊர்களின் நோக்கில் இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஆல்ப்ஸ் மலையில் உள்ள தென் டிரோல். ஜெர்மன் பேசும் இப்பகுதி முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்கு மாற்றப்பட்டது. முசோலினி ஆட்சியில் 1923 முதல் பள்ளிகளில் ஜெர்மன் விலக்கப்பட்டது. ஊர்ப்பெயர்கள் எத்தோரே தொலொமெய் வகுத்த பட்டியல்படி இத்தாலியப் பெயர்களாயின. ‘டிரோல்’ என்ற பெயரே தடைசெய்யப்பட்டது. பாதிரியார் மிக்காயேல் காம்பெரின் முயற்சியால் வீடுகளிலும் தொழுவங்களிலும் மறைவாக ஜெர்மன் வகுப்புகள் நடந்தன. தாய்மொழியில் தம் பிள்ளை எழுதப் படிக்க வேண்டும் என்ற அப்பெற்றோரின் வேட்கையில் எவரும் குற்றம் காண இயலாது.

அந்த வேட்கையையே நாஜிப் பரப்புரை பற்றிக்கொண்டது. 1939-இல் ஹிட்லரும் முசோலினியும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தனர்: தென் டிரோல் மக்கள் அவ்வாண்டு டிசம்பர் 31-க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஜெர்மனிக்குக் குடிபெயரலாம், அல்லது இத்தாலியராக இருந்துவிடலாம். இருந்துவிடுவோர் சிசிலிக்கு நாடுகடத்தப்படுவர் என்ற வதந்தி ஊரூராய்ப் பரவியது. தங்கியிருக்க விரும்பியோரை அண்டை வீட்டாரே துரோகி என்றனர். 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வெளியேறுவதற்கு ஒப்பமிட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் உண்மையாகவே வீடு வாசலை விட்டுப் போயினர். முசோலினியின் நட்பை நாடிய ஹிட்லர் அம்மண்ணின்மேலுள்ள உரிமையை முன்னரே கைவிட்டிருந்தார். மொழியைக் காப்பதாக வந்த குரல், அம்மொழி பேசிய ஊரையே கலைத்தது.

இனித் திருவிதாங்கூரின் பக்கம் திரும்பலாம். 1930-களில் இங்கிருந்த திவான் ஆட்சியைப் பாசிசம் என்று அழைப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. மக்களைத் திரட்டிய ஒற்றைக் கட்சியோ இனக்கொள்கையோ இங்கில்லை. இருந்தது மன்னராட்சியின் நிருவாக வன்மை. எனினும் எளிய மக்களின் குறைகள் ஐரோப்பியக் குறைகளுக்குச் சற்றும் இளைத்தவையல்ல. சாதியால் மூடப்பட்ட வழியும் கோயிலும் பள்ளியும் இருந்தன. அரசுப் பணிகள் சிலருக்கே உரியனவாக இருந்தன. உலகப் பொருளாதார மந்தம் விளைபொருள் விலையைத் தாழ்த்தியிருந்தது. எல்லையோரத் தமிழருக்குத் தம் மொழி அரசு அலுவலகத்தில் இரண்டாமிடத்தில் நிற்பது குறையாக இருந்தது. ஒரு தலைவனையும் ஒரு பகைவனையும் காட்டிவிட்டால் பற்றிக்கொள்ளத் தக்க விறகு போதிய அளவு இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவு அறிவிப்பு வெளிவந்தது. அது பெரிய நன்மை. அதைப் பெற்றோரின் மகிழ்ச்சியும் உண்மையானது. 1937 ஜனவரியில் காந்தி திருவிதாங்கூரில் பயணம் செய்து அதைப் பாராட்டினார். வெங்கானூரில் அய்யன்காளியைச் சந்தித்தார். அறிவிப்போ மன்னரின் அருட்கொடையாகவே முன்வைக்கப்பட்டது. அதற்கு முந்திய அரைநூற்றாண்டுப் போராட்டம் அருள் என்ற சொல்லுக்குள் அடங்காதது. நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் ஸ்ரீ நாராயணகுரு 1888-இல் சிவனைப் பிரதிட்டை செய்திருந்தார். அக்கோயிலைச் சூழ்ந்த அமைப்பிலிருந்தே 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் உருவாயிற்று. வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்வண்டியில் பொதுச்சாலையில் சென்றார். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். புலையர் குழந்தைகளுக்குப் பள்ளியில் இடம் கேட்டார். ஊருட்டம்பலத்தில் ஒரு சிறுமியைப் பள்ளியில் சேர்க்க முயன்றதே கலவரமாயிற்று. நெய்யாற்றங்கரையில் பிறந்த சுதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளை தம் இதழில் திவானையும் அரண்மனை ஊழலையும் கண்டித்து எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26 அன்று நாடுகடத்தப்பட்டார், அச்சகம் பறிமுதலாயிற்று.

இவ்வரலாற்றின் விளைவை 1938-இல் காணலாம். கோயில் நுழைவு அறிவிப்பின் மகிழ்ச்சி ஆறாத காலத்திலேயே, பொறுப்பாட்சி வேண்டும் என்ற கோரிக்கையோடு திருவிதாங்கூர் மாநிலக் காங்கிரசு எழுந்தது. திவான் சி. பி. இராமசாமி ஐயர்மேல் குற்றச்சாட்டுகளை அடுக்கிய மனு மன்னரிடம் தரப்பட்டது. அமைப்பு தடைசெய்யப்பட்டது, ஆகஸ்ட் 26 அன்று சட்டமறுப்பு தொடங்கியது. உள்ளூர்த் தலைவர் என். கே. பத்மநாப பிள்ளை கைதானதைத் தொடர்ந்து ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றங்கரையில் மக்கள் திரண்டனர். துப்பாக்கிச் சூட்டில் வீரராகவன் உள்ளிட்ட பலர் உயிரிழந்தனர். நன்மை ஒன்றைப் பெற்றோம், ஆகவே வாய்மூடி இருப்போம் என்ற உடன்பாட்டை அவ்வட்டாரம் ஏற்கவில்லை. கொடுத்ததை ஏற்றுக்கொண்டே, கொடுத்தவரிடம் கணக்கும் கேட்டது.

இதைக் கொண்டு, சங்கங்கள் நிறைந்த ஊரில் சர்வாதிகாரம் வேர்விடாது என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் அது தவறாகும். சங்கர் சத்தியநாத், நிக்கோ ஃபோய்க்ட்லெண்டர், ஹான்ஸ்-யோவாகிம் ஃபோட் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. பாட்டு மன்றம், உடற்பயிற்சிக் கழகம், முன்னாள் படைவீரர் சங்கம் எனச் சங்கங்கள் செறிந்திருந்த ஜெர்மானிய நகரங்களில் நாஜிக் கட்சி விரைவாகப் பரவியது. பழகிய முகங்கள் வழியே புதிய கட்சி வீட்டுக்குள் வந்தது. ஆட்சி நிலையாக இருந்த பிரஷ்யாவில் இவ்விளைவு குறைவு என்பதும் அவ்வாய்வின் முடிவே. ஆகவே சங்கம் ஒரு குழாய். அதன்வழி எது ஓடும் என்பது வேறு கேள்வி. நெய்யாற்றங்கரை வட்டாரச் சங்கங்களில் பல, அதிகாரத்திடம் ஒன்றைக் கேட்பதற்காகவே பிறந்தவை: வழி, பள்ளி, வேலை, வாக்கு. கேட்பதையே தொழிலாகக் கொண்ட அமைப்பை நன்றி சொல்லும் கூட்டமாக மாற்றுவது கடினம். மாற்றவே முடியாது என்பதற்கு உறுதி இல்லை; சாதிச் சங்கம் சாதிக் கோட்டையாக இறுகிய வரலாறும் இதே நாட்டில் உண்டு.

ஐரோப்பியப் பரப்புரையின் ஈர்ப்பு இம்மண்ணை எட்டாமலும் இல்லை. திருவனந்தபுரத்தில் 1891-இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை, ஆங்கிலேயரின் பகைவர் இந்தியரின் நண்பர் என்ற நம்பிக்கையில் பெர்லினைத் தம் களமாக்கினார். அவர் எம்டன் கப்பலில் இருந்தார் என்னும் கதைக்கு உறுதியான சான்றில்லை. அக்கதை இன்றும் சொல்லப்படுவது ‘எம்டன்’ என்ற சொல்லின் வலிமைக்கே சான்று. ஹிட்லரோ, இந்தியா வேறெவர் கையிலும் போவதைவிட ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்பதையே விரும்புவதாகத் தம் நூலிலேயே எழுதியவர். இந்தியரை இழிவாகப் பேசிய ஹிட்லரைச் செண்பகராமன் கண்டித்தார் என அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. 1934-இல் அவர் பெர்லினில் மறைந்தார். பகைவனின் பகைவன் நண்பன் என்ற கணக்கு எங்கே பிழைக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கை விளக்கம்.

இக்கணக்கில் மயங்காத தமிழ்க் குரலும் இருந்தது. தம் இறுதி நாள்களைத் திருவனந்தபுரத்தில் கழித்து 1948-இல் மறைந்த புதுமைப்பித்தன், முசோலினியைப் பற்றிய நூலுக்கு ‘பாசிஸ்ட் ஜடாமுனி’ என்று பெயரிட்டார். ஜடாமுனி, படையல் கேட்டு ஊரை அச்சுறுத்தும் நாட்டார் தெய்வம். அந்தப் பெயரைக் கேட்ட தமிழருக்கு அயல்மொழிக் கோட்பாட்டு விளக்கம் தேவைப்படவில்லை. ஹிட்லர் பற்றிய நூலின் தலைப்பு ‘கப்சிப் தர்பார்’. எவரும் வாய்திறவாத அவை என்று பொருள். பாசிசத்தின் உட்கிடையை இரண்டே சொற்களில் மக்கள் மொழி பிடித்துவிட்டது. எம்டனுக்கு வியப்பைத் தந்த அதே மொழி இங்கே எச்சரிக்கையையும் தந்தது.

போருக்குப் பின் இவ்வெல்லையில் மொழிக்குறை அரசியலாயிற்று. 1945-இல் நாகர்கோவிலில் தொடங்கி, 1946-இல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு எனப் பெயர்பெற்ற இயக்கம், நெய்யாற்றங்கரை உள்ளிட்ட தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியன கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தில் சேர்ந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே எல்லை விழுந்தது. உறவுகள் இருபுறமும் பிரிந்தன. கேரளப் பகுதித் தமிழரின் கல்வியும் மொழியுரிமையும் இன்றும் கவனிக்க வேண்டிய பொருள்களே. ஆயினும் தென் டிரோல் மக்களிடம் 1939-இல் கேட்கப்பட்டது போல, மொழியா வீடா என்று இங்கு எவரிடமும் கேட்கப்படவில்லை. தேர்தலும் சட்டமன்றமும் ஆணையமும் குறைபாடுகளோடு இருந்தன. இழப்புக்குப் பின்னும் மறுபடி கேட்பதற்கு இடம் இருந்தது.

குறையைச் சரியாகச் சொல்கிறவர் குறையைத் தீர்க்கிறவர் ஆகிவிடமாட்டார். நோர்தைம் கடைக்காரரின் அச்சமும் தென் டிரோல் தாயின் மொழிப்பற்றும் பொய்யல்ல. அவற்றைப் பேசியவர்கள் கேட்ட விலையே பொய்யைவிடக் கொடியது. ஆதலால் பரப்புரையை ஆராயும்போது ‘இவர் சொல்வது உண்மையா?’ என்ற கேள்வி மட்டும் போதாது. ‘இவர் தருவதைப் பெற்றுக்கொண்ட பின்னும் இவரிடம் கணக்குக் கேட்க முடியுமா?’ என்பதையும் கேட்டாக வேண்டும். நெய்யாற்றங்கரை 1938-இல் அதைத் துப்பாக்கியின் முன்னே நின்று கேட்டது.